தண்ணீரோரப் பொது கோல்ஃப் மைதானத்தில் ஒரு ரவுண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலையோ பெரிய ஏரியையோ ஒட்டிய பொது மைதானத்தில் முதல் தடவை ஆடப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ஓரளவு பந்தை அடிக்கத் தெரியும், ஆனால் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் மைதானம் பழக்கமில்லை என்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்: இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் பயப்படுவது தண்ணீரைப் பார்த்து, ஆனால் ஸ்கோரைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று.

பொது மைதானம் என்றால் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாமா?

ஆடலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, அன்றைக்கு உண்டான கட்டணத்தைக் கட்டினால் போதும். நகராட்சி நடத்தும் மைதானமும் உண்டு, தனியார் நடத்தி எல்லாருக்கும் திறந்துவிட்ட மைதானமும் உண்டு, இரண்டையும் பொது மைதானம் என்றுதான் சொல்கிறோம்.

அழகான இடமெல்லாம் பணக்காரக் கிளப்புகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை. கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸே கடலோரத்தில் உள்ள பொது மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நாயோடு அந்தப் புல்வெளியில் நடக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலைப் பார்த்தபடி பாறை விளிம்பில் இருக்கும் டோரி பைன்ஸ் மைதானம் சான் டியேகோ நகரத்துக்குச் சொந்தமானது, 2008இலும் 2021இலும் யூ.எஸ். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி அங்கேதான் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் சேம்பர்ஸ் பே ஒரு காலத்தில் மணலும் சரளையும் தோண்டிய குவாரி, அதை 2007இல் மாவட்ட நிர்வாகம் மைதானமாக்கித் திறந்தது, 2015இல் அங்கேயும் யூ.எஸ். ஓப்பன் நடந்தது. 1919இல் திறந்த பெப்பிள் பீச்சிலும் கட்டணம் கட்டி யாரும் ஆடலாம், கட்டணம்தான் கொஞ்சநஞ்சமில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் திணறிய அதே குழியில் நீங்களும் போய்த் திணறலாம் என்பது வேறு எந்த விளையாட்டிலும் சுலபமாகக் கிடைக்காத வாய்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் இன்னும் கற்றுக்குட்டிதான். போகலாமா, மற்றவர்களுக்குத் தொந்தரவாகுமா?

போகலாம். ஒரு சில மைதானங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) சான்று கேட்கும், புக் செய்யும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி நன்றாக ஆடாதவரால் யாருக்கும் தொந்தரவில்லை, மெதுவாக ஆடுபவரால்தான் தொந்தரவு. 18 குழிக்கும் சேர்த்து 120 தடவை அடித்தாலும் முன்னால் போகும் குழுவை விட்டு விலகாமல் போனால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

முக்கியமான விஷயம், எந்த டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) இருந்து ஆடுகிறீர்கள் என்பது. தண்ணீரோர மைதானத்தில் பின்னாலிருக்கும் டீக்கும் முன்னாலிருக்கும் டீக்கும் உள்ள வித்தியாசம் வெறும் தூரம் மட்டுமில்லை. பின் டீயில் தண்ணீரைத் தாண்டி 180 யார்டு தூக்கி அடிக்க வேண்டியிருக்கும், முன் டீயில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிவிடும். பலரும் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது: உங்கள் 5 அயர்னில் (இரும்புத் தலை வைத்த கிளப், அதாவது அடிக்கும் கோல்; எண் குறைந்தால் தூரம் கூடும்) பந்து வழக்கமாகப் போகும் தூரத்தை 36ஆல் பெருக்குங்கள், உங்களுக்கு ஏற்ற மைதான நீளம் ஏறக்குறைய அதுதான். 140 யார்டு அடிப்பவருக்கு 5,040 யார்டு. காற்று பலமாக இருக்கும் நாளில் அதற்கும் ஒரு டீ முன்னால் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

எந்த நேரத்துக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) எடுப்பது நல்லது?

முடிந்தால் காலையிலேயே எடுங்கள், அதுவும் முதல் சில குழுக்களில் ஒன்றாக. பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. தரைமேல் சூடான காற்று மேலே எழும்போது அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே கடற்காற்றுதான். தெளிந்த வானமுள்ள நாட்களில் இது முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகல் நடுவில் உச்சத்துக்குப் போய், சூரியன் சாயும்போது அடங்கும். அதனால் காலை ஏழு மணிக்கு ஆடும் மைதானமும் மதியம் மூன்று மணிக்கு ஆடும் மைதானமும் ஒரே இடம்தான், ஆனால் ஒரே ஆட்டம் இல்லை. பெரிய ஏரிகளின் கரையிலும் இப்படி நடக்கும், வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

காலை கிடைக்கவில்லையென்றால் மாலையைப் பாருங்கள். பொழுது சாயும் நேரத்துக்குப் பல மைதானங்கள் கட்டணத்தைக் குறைக்கும், காற்றும் இறங்கியிருக்கும், தண்ணீர்மேல் வெளிச்சம் சாய்ந்து விழும். 18 குழியும் முடியாமல் போகலாம், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். இரண்டுக்கும் நடுவில், உச்சிவெயிலுக்கும் உச்சக்காற்றுக்கும் முழுக் கட்டணம் கட்டுவதைத்தான் நான் கடைசி வாய்ப்பாக வைத்துக்கொள்வேன்.

சில கரைகளில் காலையில் மூடுபனி கவியும். பந்து விழும் இடம் தெரியாவிட்டால் ஆட விடமாட்டார்கள், காத்திருக்க வேண்டியதுதான். அங்கே ஆடிப் பழகியவர்களிடமோ மைதான அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டால் எந்த மாதம் எப்படி என்று சொல்லிவிடுவார்கள்.

கூட ஆட ஆள் இல்லை. தனியாகப் போனால் சேர்த்துக்கொள்வார்களா?

கட்டாயம். தனி ஆளுக்குத்தான் இடம் சுலபமாகக் கிடைக்கும், மூன்று பேர் புக் செய்த குழுவில் நான்காவதாகச் சேர்த்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்களோடு நாலு மணி நேரம் எப்படி நடப்பது என்று தயங்க வேண்டாம். முதல் டீயில் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கி, என்ன பந்து, என்ன அடையாளம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டால் அறிமுகம் முடிந்தது. அந்த மைதானத்தில் ஏற்கனவே ஆடியவர் யாராவது குழுவில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், எந்தக் குழியில் தண்ணீர் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார்.

எவ்வளவு முன்னதாகப் போக வேண்டும்? என்ன உடுத்துவது?

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், முடிந்தால் முக்கால் மணி. கட்டணம் கட்டி, ஸ்கோர் கார்டு வாங்கி, அன்றைக்கு ஏதாவது உள்ளூர் விதி உண்டா என்று கேட்டு, பயிற்சி கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பத்து நிமிடம் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) போடுவதற்கு இந்த நேரம் சரியாக இருக்கும். காலர் வைத்த சட்டை எங்கும் செல்லும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடை ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும், கரையில் நிற்கும்போது தெரிகிற குளிர் வாகனம் நிறுத்தும் இடத்தில் தெரியாது. தொப்பி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீரும் மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும், ஆகவே மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள், காதையும் பின்கழுத்தையும் மறக்காமல்.

எத்தனை பந்து எடுத்துப் போகலாம்?

வழக்கமாக எடுத்துப் போவதைப் போல இரண்டு மடங்கு. விலை உயர்ந்த புதுப் பந்து வேண்டாம். தொலைந்தால் வலிக்காத பந்தைக் கையில் வைத்திருக்கும்போது தோள் இறுக்கம் தானாகக் குறைகிறது, அதனாலேயே குறைவாகத் தொலைகிறது. கிளப்புகள் அதிகபட்சம் 14தான். வெகுதூரம் அடிக்கும் 'வுட்' வகைக் கிளப்புகளில் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாழ்வாக அடிக்க உதவும் கிளப் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

நடக்கட்டுமா, கார்ட் எடுக்கட்டுமா?

உடம்பு இடம் கொடுத்தால் நடங்கள். 18 குழிக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை நடை வரும். கார்டில் போனால் பாதை பெரும்பாலும் தண்ணீரிலிருந்து விலகியே போகும், கரையை ஒட்டி நடக்கும் சுகம் போய்விடும். நடக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது கன்னத்திலேயே தெரிந்துகொண்டிருக்கும், ஆட்டத்துக்கும் அது உதவி. ஆரகனில் கடலோரத்தில் 1999இல் திறந்த பாண்டன் டியூன்ஸ் போன்ற இடங்களில் நடந்துதான் ஆட வேண்டும், உடல்நிலைக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டுமே விலக்கு. பை கனமாக இருந்தால் தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைக்கும்.

சரி, காற்றில் எப்படி அடிப்பது?

முதலில் ஒரு கணக்கு. எதிர்காற்று மணிக்கு ஒரு மைலுக்கு உங்கள் தூரத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைத் தின்னும், பின்காற்று அதில் பாதியைத்தான் திருப்பித் தரும். பத்து மைல் வேகத்தில், அதாவது மணிக்குப் பதினாறு கிலோமீட்டரில், எதிரே காற்றடித்தால் 150 யார்டு 165 மாதிரி இருக்கும், அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் 142 மாதிரி இருக்கும். துல்லியமான கணக்கில்லை, ஆனாலும் கையோடு வைத்துக்கொள்ள ஏற்றது. போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களின் கணக்கு ஏன் தப்புகிறது என்பது இதிலேயே தெரியும்.

எதிர்காற்றைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஓங்கி அடிக்கத் தோன்றும், அதைத்தான் செய்யவே கூடாது. ஓங்கி அடித்தால் பந்துக்குப் பின்சுழல் கூடுகிறது, பின்சுழல் கூடினால் பந்து மேலே ஏறுகிறது, ஏறிய பந்தைக் காற்று நிறுத்தி நேரே கீழே போடுகிறது. சுழலில் கொஞ்சம் சாய்வு இருந்துவிட்டால் பந்து பக்கவாட்டில் எங்கோ போய்விடும். அதற்குப் பதில் ஒன்றோ இரண்டோ நீளமான கிளப்பை எடுங்கள், 7 அயர்ன் இடத்தில் 5 அயர்ன். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள், பந்தை ஒரு பந்து அகலம் பின்கால் பக்கம் வையுங்கள், முக்கால் வீச்சில் நிதானமாக அடித்து, முடிவில் கைகள் தோளுக்கு மேலே போகாமல் நிறுத்துங்கள். பந்து மரத்தின் உயரத்துக்குக் கூட எழும்பாமல் போய் விழுந்து உருளும். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, ஆனால் பந்து கிரீனில் இருக்கும். இந்த ஓர் அடியை மட்டும் போகிறதுக்கு முன்னால் பயிற்சி இடத்தில் நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள், வேறெதையும் பழகாவிட்டாலும் பரவாயில்லை.

குறுக்குக்காற்று இன்னும் சிரமம். அதை எதிர்த்து வளைத்து அடிக்கலாம் என்பதெல்லாம் கைதேர்ந்தவர்களுக்கு. நீங்கள் காற்று வரும் பக்கம் தள்ளிக் குறி வைத்துவிட்டு, காற்றே பந்தைக் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒரு சிக்கல், வலப்பக்கம் தண்ணீர், காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது என்றால் கிரீனின் இடது ஓரத்துக்கும் வெளியே குறி வைக்கத் துணிச்சல் வேண்டும். மனசு வராது. வந்தால் தப்பித்தீர்கள்.

புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது தரையில் அடிக்கும் காற்றை மட்டுமே காட்டும். மணல்மேட்டுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்குக் காற்றே இல்லாதது போல இருக்கும், முப்பது மீட்டர் உயரத்தில் பந்தை அது பிடித்துக்கொள்ளும். கிரீனில் கொடி எப்படி ஆடுகிறது, தண்ணீர்மேல் சிற்றலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது.

பெப்பிள் பீச்சின் ஏழாவது குழி நூறு யார்டுக்குக் கொஞ்சம்தான் கூடுதல், கீழ்நோக்கி வேறு. அமைதியான நாளில் சின்ன வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கிக் குறைந்த தூரம் அனுப்பும் கிளப்) போதும். புயற்காற்று நாட்களில் அதே குழிக்கு நீண்ட அயர்ன் எடுத்தவர்கள் உண்டு. அட்டையில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடலோர ஈரக்காற்று கனமாக இருக்கும், பந்து குறைவாகப் போகும் என்கிறார்களே?

தலைகீழ். நீராவி, காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் விட லேசானது, ஆகவே அதே வெப்பத்தில் ஈரக்காற்று உலர்காற்றைவிடத் துளி லேசாகவே இருக்கும். கரையில் பந்து குறைவாகப் போவது குளிரால். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்தின் ரப்பரும் குளிரில் துள்ளல் குறைந்துவிடும். மலைமேல் ஆடிப் பழகியவர்கள் கடல்மட்டத்துக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் குறையும், அதுவும் அடர்த்திதான் காரணம்.

பந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. அடுத்து என்ன?

கரையில் ஊன்றியிருக்கும் குச்சியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் இரண்டும் பெனால்ட்டி ஏரியா. வெள்ளை என்றால் எல்லைக்கு வெளியே, அது வேறு கதை.

மஞ்சளில் ஓர் அடி பெனால்ட்டியோடு, அதாவது ஸ்கோரில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு, இரண்டு வழி: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்கலாம், அல்லது பந்து கடைசியாக ஏரியாவின் எல்லையைக் கடந்த புள்ளியையும் குழியையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் போய்ப் போடலாம். சிவப்பில் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பந்து கடந்த அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் போடலாம். கடற்கரை மைதானங்களில் பெரும்பாலும் சிவப்பாகவே குறித்திருப்பார்கள், ஒரு பக்கம் முழுக்கக் கடல் என்றால் கோட்டில் பின்னால் போக இடமே இருக்காதல்லவா.

இங்கே நடக்கும் தகராறெல்லாம் பந்து எங்கே கடந்தது என்பதில்தான். விழுந்த இடம் கணக்கில் வராது, கடந்த இடம்தான் கணக்கு. நிலத்துக்கு மேலாக வெகுதூரம் போய் கடைசியில் வளைந்து தண்ணீருக்குள் போன பந்துக்கு முன்னால் வெகுதூரத்தில் போடலாம். டீயிலிருந்து கிளம்பியதுமே தண்ணீருக்கு மேலே போய், முழுக்கத் தண்ணீர்மேலேயே பறந்து மறைந்த பந்துக்கு, கடந்த இடம் டீக்குப் பக்கத்தில்தான். வருத்தமாக இருந்தாலும் விதி அதுதான். கூட ஆடுபவர்களிடம் கேட்டு, நியாயமாகத் தோன்றும் இடத்தை முடிவுசெய்து போய்க்கொண்டே இருங்கள்.

பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும், 2019 விதிமாற்றத்துக்கு முன்பு அது தோள் உயரம். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து.

இன்னொன்று. தண்ணீரில் விழுந்திருக்கலாம், ஆனால் புதரிலும் கிடக்கலாம் என்று சந்தேகமாக இருந்தால் தற்காலிகப் பந்து ஒன்று அடித்துவிட்டுத் தேடப் போகலாம். தண்ணீரில்தான் விழுந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் தற்காலிகப் பந்துக்கு விதியில் இடமில்லை.

பந்து மணற்கரையில் நன்றாகத் தெரிகிறது. அங்கிருந்தே அடிக்கலாமா?

சிவப்பு அல்லது மஞ்சள் எல்லைக்குள் இருந்தால் பெனால்ட்டி இல்லாமல் அப்படியே அடிக்கலாம். கிளப்பைத் தரையில் தொட்டு வைக்கலாம், பந்தைச் சுற்றியுள்ள கூழாங்கல், காய்ந்த கடற்பாசி, சிப்பி எல்லாவற்றையும் பந்து அசையாமல் அகற்றலாம், 2019இலிருந்து இதற்கெல்லாம் அனுமதி உண்டு. அந்தக் கரை எல்லைக்கு வெளியே என்று கார்டில் போட்டிருந்தால் அடிக்க முடியாது. அலை வந்து பந்தை நகர்த்திவிட்டால் புது இடத்திலிருந்து அடிக்க வேண்டும், இயற்கையின் செயலுக்குப் பெனால்ட்டி கிடையாது.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை. ஈரமான பாறை வழுக்கும், கல்லில் பட்டால் கிளப்பும் போகும் மணிக்கட்டும் போகும். பாறை விளிம்பில் கிடக்கும் பந்துக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள், மேலே புல் பச்சையாக இருந்தாலும் அடியில் மண் அரித்திருக்கும்.

பறவை பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

நடக்கும். நின்றிருந்த பந்தை அது தூக்கியதைப் பார்த்தீர்கள் என்றால், இருந்த இடத்தை மதிப்பிட்டு அங்கே வேறு பந்தை வைத்து அடியுங்கள், பெனால்ட்டி இல்லை. பறந்துகொண்டிருக்கும் பந்து பறவைமேல் பட்டால் விழுந்த இடத்திலிருந்துதான் ஆட வேண்டும்.

கிரீனில் பந்து எப்போதும் தண்ணீர் பக்கமே திரும்பும் என்பது உண்மையா?

பாதி உண்மை. நிலம் மொத்தமாகத் தண்ணீரை நோக்கித்தான் சரிந்திருக்கும், மழைநீர் அங்கேதானே போய்ச் சேர வேண்டும். அந்தப் பெரிய சரிவுக்குள்ளேயே நின்று பார்ப்பதால் கிரீன் சமமாக இருப்பது போலத் தெரியும், பந்து உருளும்போதுதான் ரகசியம் வெளிப்படும். ஆனால் கிரீன் என்பது மனிதர் கட்டியது, மண்ணைக் கொட்டி எதிர்ப்பக்கம் சாய்த்திருந்தால் பந்து எதிர்ப்பக்கம்தான் போகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சரிவை நம்புங்கள், தெரியாமல் குழம்பினால் மட்டும் தண்ணீர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமான கடற்கரைகளில் உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல் போட்டிருப்பார்கள். குளிர்நாட்டுக் கரைகளில் மெல்லிய ஃபெஸ்க்யூ, அந்த கிரீன்களைக் கொஞ்சம் மெதுவாகவே வைத்திருப்பார்கள், ரொம்ப வழுவழுப்பாக்கினால் பலத்த காற்றில் பந்து ஓரிடத்தில் நிற்காது. அதனால் முதல் சில குழிகளில் பட்டிங் குறைவாகப் போய் நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். பட்டிங்குக்கும் காற்று உண்டு, கால்களைக் கொஞ்சம் அகல வைத்து நில்லுங்கள்.

தரை கெட்டியாக இருக்கிறது, வெட்ஜ் அடித்தால் துள்ளி ஓடுகிறதே?

மணல்மண், தண்ணீர் தேங்காது, அதனால் கெட்டியாக இருக்கும். உயரத் தூக்கும் ஆசையை விட்டுவிட்டு உருட்டுங்கள். கிரீனுக்கு முப்பது யார்டு முன்னால் நிற்கிறீர்கள், நடுவில் பள்ளமோ மணற்குழியான பங்கரோ இல்லை என்றால், 8 அயர்னை எடுத்துப் பட்டர் மாதிரி பிடித்து, ஒரு சின்ன வீச்சில் பந்தைத் தரையோடு ஓட விடுங்கள். பட்டரையே எடுத்தாலும் சரிதான். மோசமாக அடித்த உருட்டல், நன்றாக அடித்த வெட்ஜுக்குப் பக்கத்தில் போய் நிற்பதை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

நிறைய பந்து தொலையும், ஸ்கோர் எழுதவே மனம் வராது. என்ன செய்ய?

ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் எழுதுங்கள். ஹேண்டிகேப்பைக் கழித்தபின் ஒரு குழியில் பார் (அந்தக் குழிக்கு வைத்திருக்கும் அடிக் கணக்கு) அடித்தால் இரண்டு புள்ளி, ஒன்று கூடுதலானால் ஒரு புள்ளி, ஒன்று குறைந்தால் மூன்று. பாரைவிட இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். ஒரு குழியில் தண்ணீருக்குள் மூன்று பந்து போனாலும் அந்தக் குழியோடு அது முடிந்தது. இந்த முறையில் 1932இல் இங்கிலாந்தின் வாலஸி என்ற கடலோர மைதானத்தில் போட்டி நடந்தது. காற்றில் நீளமான குழிகளை எட்ட முடியாமல் தவித்ததில்தான் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

ஹேண்டிகேப் இல்லையென்றால் குழிக்கு இரண்டு அடி கூடுதல் என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள், நண்பர்களுக்குள் அது போதும்.

போட்டோ எடுத்துக்கொண்டே ஆடினால் நேரமாகிவிடாதா?

எடுங்கள், இவ்வளவு தூரம் போய்விட்டு எடுக்காமல் வருவானேன். எப்போது எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் முறை முடிந்த பிறகு, மற்றவர் அடித்து முடித்து நடக்கத் தொடங்கும்போது எடுக்கலாம். யாராவது வீச்சுக்கு நிற்கும்போது அவர் பின்னால் நகரவோ கேமரா சத்தம் வரவோ கூடாது. கிரீனில் நின்று கூட்டமாக எடுப்பதைத் தவிருங்கள், பின்னால் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிய புல்வெளி) நாலு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. தயாராக இருப்பவர் முதலில் அடித்துவிட வேண்டும், யார் தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படி ஆடினால் நாலு, நாலரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், நின்று தண்ணீரைப் பார்க்கவும் நேரம் மிஞ்சும். முன்னால் ஒரு முழுக் குழி காலியாகி, பின்னால் ஆள் காத்திருந்தால் ஓரமாக நின்று அவர்களைப் போக விடுங்கள்.

பந்து கடலுக்குள் போனால் மிதக்குமா? வேடிக்கைக்காக ஒன்றிரண்டைக் கடலுக்குள் அடித்துப் பார்க்கலாமா?

மிதக்காது. விதிப்படி பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், விட்டம் குறைந்தபட்சம் 42.67 மில்லிமீட்டர். இந்த அளவில் வரும் பந்து கடல்நீரைவிட அடர்த்தியானது, நேரே அடிக்குப் போய்விடும்.

வேடிக்கைக்காக அடிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், யாராவது செய்தால் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் கார்மல் அருகே கடலடியிலும் கரையிலும் பொறுக்கிய 50,000க்கும் மேற்பட்ட பந்துகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பக்கத்து மைதானங்களிலிருந்து வந்த பந்துகள்தான் அவை. அலையிலும் மணலிலும் உரசி உரசி மேலோடு தேய்ந்து பிளாஸ்டிக் துகளாகிறது, உள்ளே இருக்கும் ரப்பரில் துத்தநாகச் சேர்மங்கள் உண்டு. தப்பிப் போகும் பந்தைத் தடுக்க முடியாது, சரி. வேண்டுமென்றே அடிப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நாம் பார்க்கப் போவதே அந்தத் தண்ணீரைத்தான்.

மைதானத்துக்குள் நடந்து போகிறவர்கள் வருகிறார்களே, கத்தலாமா?

பல கடலோரப் பொது மைதானங்களின் குறுக்கே கரைக்குப் போகும் நடைபாதை உண்டு, அவர்களுக்கும் அங்கே உரிமை இருக்கிறது. ஆள் கடக்கும்வரை காத்திருங்கள், கையசைத்துப் போகச் சொல்லுங்கள். பந்து யார் பக்கமாவது திரும்பினால் கூச்சப்படாமல் உரக்க "ஃபோர்!" என்று கத்துங்கள். காற்றுக்கு எதிரே கத்தினால் கேட்காது, அதனால் கையையும் நீட்டிக் காட்டுங்கள்.

மணல்மேட்டுப் புல்மேல் ஏறி நடக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புல்லின் வேர்தான், மிதிபட்டுச் செத்தால் காற்று மேட்டையே கரைத்துவிடும். கூடு கட்டும் பருவத்தில் கயிறு கட்டித் தடுத்திருந்தால் உள்ளே போன பந்தை மறந்துவிடுங்கள்.

மின்னல் தெரிந்தால்?

உடனே நிறுத்துங்கள், பட்டிங் பாதியில் இருந்தாலும். திறந்த வெளி, பக்கத்தில் தண்ணீர், கையில் உலோகக் கம்பி. மைதானத்தின் சங்கு ஊதும்வரை காத்திருக்க வேண்டாம், ஆபத்து என்று தோன்றினாலே ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். ஒற்றை மரத்தடியும் நாலு பக்கமும் திறந்த கூரைப் பந்தலும் பாதுகாப்பில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

ஆட்டம் முடிந்தபின் கிளப்புகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றைக்கே செய்ய வேண்டும். உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும், பூச்சில்லாத வெட்ஜ்களில் இரண்டு நாளில் துரு எட்டிப் பார்க்கும். நல்ல தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் தலை, தண்டு, பிடி மூன்றையும் துடையுங்கள், தலையிலுள்ள கோடுகளுக்குள் பழைய பல்துலக்கியால் தேய்த்து மணலை எடுங்கள், பிறகு உலர்ந்த துணியால் ஈரமில்லாமல் துடைத்து நிழலில் சாய்த்து வையுங்கள். ஈரத்தோடு தலையுறை போட்டு மூடுவதுதான் துருவுக்கு வசதி செய்து கொடுப்பது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மணலைக் கொட்டிவிட்டு எல்லா ஜிப்பையும் திறந்து காற்றாட விடுங்கள். தள்ளுவண்டி உங்களுடையது என்றால் சக்கரத்தின் அச்சுக்குள் இருக்கும் மணலையும் கழுவுங்கள், அடுத்த தடவை தள்ளும்போது கிறீச்சிடாது.